சட்டமன்ற உறுப்பினரிடம் எதைக் கேட்பது?

2008 மார்ச் 8 மலேசியப் பொதுத்தேர்தல் இரவு சிலாங்கூரின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றவருக்கு மாலை போட ஆட்கள் இருந்தார்கள், வென்றவர்தான் ஊரில் இல்லை. வழக்கறிஞர் எம். மனோகரன் அப்போது தைப்பிங் அருகே கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தார். 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு, டிசம்பர் 13 அன்று, விசாரணையின்றிக் காவலில் வைக்கும் இசா சட்டத்தில் பிடிக்கப்பட்ட ஐவரில் அவரும் ஒருவர். ஒரு மேடை ஏறவில்லை, ஒரு வாசலில் கைகூப்பவில்லை. இருந்தும் கிள்ளான் மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். 2009 மே 9 அன்றுதான் அவர் விடுதலையானார். பதினான்கு மாதங்கள் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் தடுப்புக்காவலில் இருந்தார்.

அந்த ஓட்டில் கோபம் இருந்தது. உடைபட்ட கோயில்கள், கவனிப்பாரற்ற தமிழ்ப்பள்ளிகள், போலீஸ் லாக்கப்பில் இறந்தவர்கள், நீதிமன்றத்தில் முட்டி நின்ற மதமாற்ற வழக்குகள் என்று எல்லாம் அதில் சேர்ந்திருந்தது. ஆனால் இவற்றில் எத்தனை ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் கைக்குள் வருகின்றன என்று அன்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. இன்றும் பார்ப்பதில்லை.

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை அதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. கல்வி, போலீஸ், நீதிமன்றம், குற்றவியல் சட்டம் எல்லாம் புத்ராஜெயாவுக்கு. நிலம், காடு, ஊராட்சி, இஸ்லாமியச் சட்டம் ஆகியவை மாநிலத்துக்கு. இந்த எல்லையை மாநிலங்கள் தாண்டினால் நீதிமன்றம் தட்டிக்கேட்கும். 2021 பிப்ரவரியில் சிலாங்கூர் ஷரியா குற்றச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். குற்றவியல் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது, மாநிலச் சட்டமன்றம் அதற்குள் நுழைய முடியாது என்பதே காரணம்.

சேவை மையத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த அட்டவணை தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்ல முடியாது. மகனைப் பள்ளி மாற்ற வேண்டும், தம்பி லாக்கப்பில் இருக்கிறான், பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை என்று வருகிறார்கள். மூன்றும் கூட்டரசு விவகாரம். உறுப்பினர் ஓர் ஆதரவுக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். அது அவருக்கும் சுலபம், வந்தவருக்கும் ஆறுதல். பள்ளி ஆண்டுவிழாவில் மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதும் இதே ரகம்தான். சிலாங்கூர் அரசு தமிழ்ப்பள்ளிகளுக்குத் தரும் மானியம் தேவையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் கல்வி அமைச்சிடமே இருக்கின்றன.

குற்றம், காவல் என்று வந்தால் இயலாமை இன்னும் வெளிப்படை. 2009 ஜனவரியில் யூஎஸ்ஜே தைப்பான் போலீஸ் நிலையத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அவர் தாயாருக்கு நியாயம் கிடைத்தது ஷா ஆலாம் சட்டமன்றத்தில் அல்ல. 2013 ஜூனில் உயர்நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம் 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கினார். உறுப்பினர்களுக்கே பாதுகாப்பு இல்லாத காலமும் வந்தது. 2019 அக்டோபரில் மலாக்கா காடேக்கின் ஜி. சாமிநாதனும் நெகிரி செம்பிலான் சிரம்பான் ஜெயாவின் பி. குணசேகரனும் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தில் கைதானார்கள். விடுதலைப் புலிகள் தொடர்பு என்றது போலீஸ். அந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு ஜாமீன் கேட்கவே வழியில்லாமல் செய்கிறது, அது அரசமைப்புக்கு முரணானது என்று நவம்பரில் நீதிபதி நஸ்லான் கஸாலி தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரியில் இவ்விருவர் உட்படப் பன்னிருவர் மீதான குற்றச்சாட்டுகளையும் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் கைவிட்டார்.

அப்படியானால் சட்டமன்ற உறுப்பினர் எதற்கு? நிலத்துக்கு.

யூஎஸ்ஜே 25 சீஃபீல்ட் மகா மாரியம்மன் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். 2014 மார்ச் 11 அன்று ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் ஆலயத்தை இடம் மாற்றுவது பற்றி இணக்கத் தீர்ப்பு பதிவானது. நில உரிமையாளர், ஆலயத் தரப்பினர் ஆகியோரோடு சிலாங்கூர் அரசும் அதில் ஒரு தரப்பு. அடுத்த நான்கரை ஆண்டுகள் சட்டமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டிய விஷயம் இது. 2018 நவம்பர் 26 அதிகாலையில் ஒரு கும்பல் ஆலயத்துக்குள் புகுந்த பிறகுதான் எல்லோரும் ஓடி வந்தார்கள். வாகனங்கள் எரிந்தன. தீயணைப்பு வீரர் முகமட் அடிப் காயமுற்று டிசம்பர் 17 அன்று இறந்தார். பிறகு வந்த மரண விசாரணை, போலீஸ் நடவடிக்கை, அரசியல் சண்டை எதையும் மாநிலம் தடுத்திருக்க முடியாது. ஆனால் எல்லாம் தொடங்கிய நில விவகாரத்தில் மாநிலத்துக்குக் கை இருந்தது.

கால்வாயும் அப்படித்தான். 2021 டிசம்பர் 18 அன்று தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அந்த இடத்தை உள்ளடக்கிய கோத்தா கெமுனிங் தொகுதியின் உறுப்பினர் வி. கணபதிராவ். மனோகரனோடு கமுந்திங்கில் இருந்த ஐவரில் ஒருவரான அவர் அப்போது சிலாங்கூர் ஆட்சிக்குழுவிலும் இருந்தார். சிறை சென்ற தியாகத்தை வைத்து வெள்ளத்தில் நின்ற மக்களுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆற்றங்கரையில் வீடு கட்ட யார் அனுமதி கொடுத்தார்கள், நீர் இறைக்கும் பம்புகள் ஏன் போதவில்லை என்பவை உறுப்பினரிடம் நேராகக் கேட்கத் தக்க கேள்விகள்.

கேட்பதற்குக் கருவியும் உண்டு. 2008-க்குப் பிறகு சிலாங்கூர் சட்டமன்றம் செல்காட் என்ற தேர்வுக்குழுவை அமைத்துப் பகிரங்க விசாரணை நடத்தியது. 2011-இல் நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் சுதந்திரச் சட்டமும் இயற்றியது. தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு இந்த வழியும் கிடையாது. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானதிலிருந்து அங்கே சட்டமன்ற உறுப்பினரே இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் உண்டு. ஆனால் கட்டுமான அனுமதி மாநகர் மன்றத்தின் வசம், அதன் மேயரோ நியமிக்கப்படுகிறவர். மஸ்ஜிட் இந்தியா தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நிற்கும் நிலத்தை மாநகர் மன்றம் 2014-இல் ஜேக்கல் நிறுவனத்துக்கு விற்றது. அது ஊருக்கு உறைத்தது 2025 மார்ச்சில், அந்த நிலத்தில் கட்டவிருந்த பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டும் நாள் நெருங்கிய பிறகு. விற்பதற்கு முன் அதை எதிர்த்துக் கேள்வி எழுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் அந்த மன்றத்தில் இல்லை.

கிள்ளானிலும் மன்ற உறுப்பினர்கள் நியமனம்தான். 2024 பிப்ரவரி 5 அன்று அது அரச மாநகராகி மன்றத்தின் பெயர் மாறியது, நியமன முறை மாறவில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அதை ஆராய்ந்த அரச ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன் ஒரு தமிழர், ம.இ.கா. தலைவர்களில் ஒருவர். தேர்தல் தொடர வேண்டும் என்று 1968-இல் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் நியமனத்தையே நிரந்தரமாக்கியது. சமூகத்தின் பெருமை பேசும் மேடைகளில் இந்த அறிக்கையின் பெயர் காதில் விழுவதே அரிது.

சிலாங்கூர் மக்கள் 2028-க்குள் மறுபடியும் ஓட்டுப் போட வேண்டும். அதற்கு முன் சேவை மையத்துக்குப் போகிறவர்கள் ஆதரவுக் கடிதத்தோடு இன்னும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: தொகுதியிலுள்ள ஆலயம், தமிழ்ப்பள்ளி நிலங்கள் யார் பெயரில் இருக்கின்றன என்ற பட்டியல், கடந்த ஓராண்டில் உங்கள் உறுப்பினர் சட்டமன்றத்தில் கேட்ட கேள்விகளின் நகல்.