ஏறவும் இறங்கவும் ஒரே ஜோடியா?

"மாமா, ஒரு ஜோடி காணும். இரட்டை நுனி, இடுப்பு 98, ஏறுற பைண்டிங். லிஃப்டிலயும் போகலாம், நடந்தும் ஏறலாம். பிறகென்னத்துக்கு ரெண்டு?"

போன மார்கழியில் அக்கா மகன் என்னிடம் சொன்னது இது. அவன் பேர்ணில் பிறந்தவன். பள்ளிக்கூட ஸ்கி முகாமில் பத்து வயதிலேயே பழகியவன். நானோ முப்பத்தைந்து வயதில் விழுந்து எழும்பிப் பழகியவன். சறுக்குவதில் அவனுக்கு நான் ஈடில்லை. ஆனாலும் அவன் சொன்னதில் பாதிக்கு மேல் பிழை. அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கடைக்காரரும் விளம்பரமும் மலைக்குப் போகும் சிநேகிதர்களும் இப்போது இதையேதான் ஓதுகிறார்கள்: எல்லா மலைக்கும் ஒரு ஸ்கி, எல்லா வேலைக்கும் ஒரு பைண்டிங் (சப்பாத்தை ஸ்கியோடு பூட்டும் பிடி).

முதலில் இந்த இரட்டை நுனி. இருபக்கமும் வளைந்தது எங்கேயும் ஓடும் என்று நம்புகிறார்கள். அது பிறந்ததோ ஒரேயொரு வேலைக்காக. 1990களின் பிற்பகுதியில் கனடாவின் மைக் டக்ளஸும் அவருடைய கூட்டாளிகளும், ஸ்னோபோர்ட்காரர்களைப் போலக் குதித்துச் சுழன்று பின்புறமாகவே வந்து இறங்க ஆசைப்பட்டார்கள். வால் தட்டையாக இருந்தால் அது பனியில் குத்தி ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் வாலையும் நுனி மாதிரி வளைத்து, சலமொன் நிறுவனம் 1998 இல் '1080' என்ற ஸ்கியை வெளியிட்டது. அந்த வேலைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் வளைந்த வால் பனியைத் தொடாது. 180 சென்ரிமீற்றர் என்று எழுதியிருந்தாலும், கெட்டிப் பனியில் கடித்துப் பிடிக்கும் விளிம்பு அதைவிட நன்றாகவே குறைவு.

"போன வருசம் எத்தினை தரம் பின்பக்கமாச் சறுக்கினனீ?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, "ரெண்டு தரம்" என்றான். "அதில ஒருக்கா தெரியாமல்."

லிஃப்டில் போய் இறங்கும்போது இந்த வால் பெரிய தொல்லை தராது. தொல்லை ஏறும்போதுதான். ஏறுவதற்கு ஸ்கியின் அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டுகிறோம். சுவிஸ்காரர் 'ஃபெல்' என்பார்கள். ஒரு காலத்தில் கடல்நாய்த் தோல், இப்போது மொஹேர் அல்லது நைலோன். ரோமம் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். பட்டையின் முன்முனை நுனியில் வளையமாக மாட்டும், பின்முனை வாலில் ஒரு சின்னக் கொளுக்கியாகப் பிடிக்கும். வால் தட்டையென்றால் கொளுக்கி அசையாது. வால் உருண்டு மேலெழும்பியிருந்தால், திருப்பத்தில் காலை உதறும் ஒவ்வொரு தரமும் அது வழுக்கப் பார்க்கும். கன்ட்ரிஷ் பக்கம் ஓர் ஏற்றத்தில் எனக்கு நடந்தது அதுதான். கொளுக்கி கழன்றது, பட்டைக்கும் ஸ்கிக்கும் இடையில் பனிப்பொடி புகுந்தது, பசை செத்தது. மிச்சத் தூரம் முழுக்க ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். இரட்டை நுனிக்கென்று அகலக் கொளுக்கி விற்கிறார்கள். வாங்கினால் சமாளிக்கலாம். ஆனால் கடையில் அதை யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை.

இடுப்பு, அதாவது ஸ்கியின் நடு அகலத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. புதுப்பனி விழுந்த நாளில் 98 மில்லிமீற்றர் சொர்க்கம். காலை ஒன்பது மணிக்கு, இரவு உறைந்த பாதையில், 85 உள்ளவன் சிரித்துக்கொண்டு முந்திப் போவான்.

இனிப் பைண்டிங். விசயம் உள்ள இடம் இதுதான். 1980களில் ஒஸ்ரியாவின் ஃப்ரிற்ஸ் பார்தல், கனமான பைண்டிங்கோடு மோன் பிளாங் ஏறி அலுத்துப்போய், சப்பாத்தின் முன்புறத்தில் இரண்டு குழி, அதைப் பிடிக்க இரண்டு ஊசி என்று ஒரு வழி கண்டுபிடித்தார். குதிக்கால் மேலெழும், பைண்டிங்கின் பின்பாகம் ஸ்கியிலேயே கிடக்கும். ஏறுவதற்கு இன்றுவரை அதை மிஞ்சியது இல்லை. மறுபக்கத்தில், வேகமாக இறங்குபவர்களுக்காக 2007 இல் மார்க்கர் நிறுவனத்தின் டியூக் வந்தது. அது சட்டக வகை: பைண்டிங் முழுவதுமே காலோடு சேர்ந்து தூக்கப்படும். ஒவ்வோர் அடிக்கும் அந்த இரும்பையும் தூக்கவேண்டும். 2018 இல் வந்த ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்தது. ஏறும்போது முன்னால் ஊசி, இறங்கும்போது சாதாரண அல்பைன் பிடி. இறங்கும்போது அது நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 'எல்லாத்துக்கும் காணும்' என்ற பேச்சுக்கு இவ்வளவு தைரியம் வந்ததும் அதனால்தான்.

ஆனால் அதன் எடை ஒரு காலுக்கு ஏறத்தாழ 900 கிராம். மெல்லிய ஊசிப் பைண்டிங் 300 கிராம் அளவில் கிடைக்கிறது. "600 கிராம்தானே" என்பார்கள். 1,000 மீற்றர் உயரம் ஏற, மிதமான சரிவில் சுமார் 7,000 அடி வைக்கவேண்டும். ஒரு காலுக்கு 3,500. பெருக்கிப் பாருங்கள், ஒரு காலுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் வருகிறது. தூக்குவதில்லை, தள்ளுவதுதான். என்றாலும் மத்தியானத்துக்குப் பிறகு தொடை அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

சரி, மெல்லிய ஊசியே எல்லாவற்றுக்கும் காணுமா? அதுவும் இல்லை. விழும்போது கால் முறுக்கினால், அல்பைன் பைண்டிங் பக்கவாட்டில் முன்னால் விடும். பழைய முறை ஊசிப் பைண்டிங் பின்னால்தான் விடும். குலுக்கலைத் தாங்கிக்கொண்டு சப்பாத்தைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரும் நெகிழ்வும் அதில் குறைவு. முன்பிடியைப் பூட்டி ஏறுகிறோமே, அந்த நிலையில் அது விடவே விடாது. பனிச்சரிவு அடித்தால் ஸ்கி காலைக் கீழே இழுக்கும்.

அடுத்தது, எண் பெருமை. "டின் 13 வரை போகும்" என்று அக்கா மகன் பெருமையாகச் சொன்னான். டின் என்பது பைண்டிங் எவ்வளவு விசையில் காலை விடவேண்டும் என்ற அளவு. எடை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், சறுக்கும் விதம் எல்லாம் பார்த்துத்தான் கணக்கிடுவார்கள். 72 கிலோ எடையுள்ள அவனுக்கு வருவது 6க்கும் 7க்கும் இடையில். 6 முதல் 13 வரை உள்ள பைண்டிங்கில் அது அடிமட்டம். 4 முதல் 10 வரை உள்ளதில் நடுப்பாங்கு. சொந்த எண் நடுவில் விழும் பைண்டிங்தான் அவனுக்கு ஏற்றது.

எல்லாவற்றிலும் மோசமான பேச்சு, "எந்தச் சப்பாத்தும் போகும்" என்பது. அல்பைன் சப்பாத்தின் அடிக்கு ஐ.எஸ்.ஓ. 5355, ஏறும் சப்பாத்துக்கு 9523, நடக்க வசதியான கிரிப்வோக் அடிக்கு 23223. மூன்றும் மூன்று வடிவம். ஊசிக்குழி இல்லாத அல்பைன் சப்பாத்தோடு ஷிஃப்டில் ஓர் அடிகூட ஏற முடியாது. வளைந்த றப்பர் அடியுள்ள ஏறும் சப்பாத்தைச் சாதாரண அல்பைன் பைண்டிங்கில் திணித்தால் பூட்டும், ஆனால் விழும்போது றப்பர் வழுக்காது. அப்போது 6 என்று வைத்தது 6 அல்ல. பல வகை அடியை ஏற்கும் பைண்டிங்கிலும் முன்பிடியின் உயரத்தைச் சப்பாத்துக்குச் சப்பாத்து திருத்தவேண்டும். சப்பாத்து அடிக்கும் பைண்டிங்கின் தட்டுக்கும் நடுவே ஒரு கடதாசியைச் செருகி இழுத்தால், இலேசாக உராய்ந்தபடி வரவேண்டும். கிழிந்தாலும் பிழை, சும்மா வந்தாலும் பிழை. இதைக் கடையில் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். சுவிஸிலுள்ள விபத்துத் தடுப்பு நிலையமான பி.எஃப்.யூ. ஆண்டுதோறும் பைண்டிங்கைச் சரிபார்க்கச் சொல்கிறது.

அப்படியென்றால் ஒரே ஜோடி யாருக்குமே சரிவராதா? வரும். லிஃப்டில் மேலே போய், அங்கிருந்து அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் ஏறித் தீண்டாத பனியில் இறங்குபவனுக்கு ஷிஃப்ட் மாதிரி ஒன்று கனகச்சிதம். வாரம் தவறாமல் அடிவாரத்திலிருந்து ஏறுபவனுக்கு அது சுமை. ஏறவே ஏறாதவனுக்கு அது காசுக்கேடு. கணக்கு எளிது: போன குளிர்காலத்தில் எத்தனை நாள் ஏறினீர்கள், எத்தனை நாள் லிஃப்டில் போனீர்கள் என்று எண்ணுங்கள். ஆசைப்பட்ட நாளைச் சேர்க்கக் கூடாது. அக்கா மகனுக்கு லிஃப்ட் 19, ஏற்றம் 2. அந்த இரண்டு நாளுக்கு ஏறும் ஸ்கியை வாடகைக்கு எடுக்கலாம்.

கடைசியில் அவன் வாங்கியது சப்பாத்து மட்டும். ஊசிக்குழியோடு, கிரிப்வோக் அடி. ஸ்கி இன்னும் வாடகைதான்.