ஓஸ்லோ டைரி - 14: அம்மாவின் இலவச ஃப்ரிட்ஜ்

போன வாரம் பதிவு வராததுக்குக் காரணம் அம்மா. திருநெல்வேலியில இருந்து வந்திருக்காங்க, இன்சுலின் போட்டுக்கறவங்க. எங்க ஹாஸ்டல்ல ஏழு பேருக்கு ஒரே ஃப்ரிட்ஜ். எவனோ வச்ச மீன் டப்பா பக்கத்துல மருந்தை வைக்க அவங்களுக்கு மனசு வரல. "வெளியதான் இவ்ளோ குளிருதே"ன்னு, ஸ்டாக் மொத்தத்தையும் ஒரு பையில போட்டு ஜன்னலுக்கு வெளிய தொங்கவிட்டுட்டாங்க. அன்னைக்கு மைனஸ் 9 :-(

கையில இருந்த பேனா தீர்ந்ததும் வெளிய இருந்து ஒண்ணு எடுத்தாங்க. ஐஸா இருந்துச்சாம். உள்ளங்கையில வச்சு உருக்கிப் போட்டுக்கிட்டாங்க. பார்க்க பழைய மாதிரி தெளிவாத்தான் இருந்தது. அதே டோஸ், அதே சாப்பாடு. ரெண்டாம் நாள் சுகர் 340! டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "மருந்து உறைஞ்சுதா?" எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கினோம். சுகர் இறங்கினப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். இன்சுலின்ங்கறது 51 அமினோ அமிலங்கள் கோர்த்த ரெண்டு சங்கிலி. உறைஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வடிவம் கெட்டுப்போகும். உருக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. கண்ணால பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. பிரிக்காத மருந்து 2-8 டிகிரியில இருந்தா காலாவதி தேதி வரைக்கும் தாங்கும். பிரிச்சுட்டா 30 டிகிரிக்குக் கீழே சுமார் 4 வாரம் (ரகத்துக்கு ரகம் மாறும், அட்டையைப் பாருங்க).

வெயில் விஷயத்துல ஒரு ஆச்சரியம். கென்யாவின் தகஹாலே அகதி முகாம்ல ஃப்ரிட்ஜ் கிடையாது. அங்க உள்ள மாதிரி 25-லிருந்து 37 டிகிரி வரை ஏறி இறங்கற சூட்டுல 4 வாரம் இன்சுலினை வச்சு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சோதிச்சாங்க. குளிர்ல வச்சதுக்கும் இதுக்கும் வீரியத்துல வித்தியாசம் இல்லன்னு 2021-ல வெளியிட்டாங்க. ஆக, சூடு மெதுவாத்தான் கெடுக்குது. உறைநிலை ஒரே ராத்திரியில கெடுத்துடுது.

எங்க பாட்டி ஈர மணல் மேல மண்பானை வச்சு, அதுக்குள்ளதான் இன்சுலினை வைப்பாங்க. நான் சிரிச்சிருக்கேன். பானையில கசியற தண்ணி ஆவியாகும்போது உள்ள குளுமையாகும். பாட்டி செஞ்சதுதான் சரி. ஐஸ் ஊருக்கு வந்து கோட்டை விட்டது நாங்கதான்.

இப்ப மருந்து, அம்மா பேர் எழுதின டிபன் பாக்ஸ்ல, ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டுல இருக்கு. ஃப்ரீசர் பக்கத்துல வைக்கல. ஊருக்குப் போறப்ப விமானத்துல பெட்டியில போடாம கைப்பையிலதான் போகும்.

குளிர் நாட்டுக்கு அப்பா அம்மாவைக் கூப்பிடறவங்க, முதல் நாளே இதைச் சொல்லிடுங்க மக்களே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. டோஸ் சந்தேகமெல்லாம் உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க :-)