மகனின் மேசையில் ஒரு போர் விமானம்

சகோதரியே! தலவிலக் கடற்காற்றுக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உங்கள் மகன் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் போர் விமானம் செய்கிறானா? 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்த குடும்பங்களில், விமானம் என்றாலே உம்மும்மாவின் முகம் வாடிவிடும். நியாயம்தான். அதற்காக அவன் கையிலிருந்து பறித்துவிடாதீர்கள்.

நம் பக்கத்துக் கதையைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் புத்தளம் பாலாவியில் பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு விமானத்தளம் இருந்தது. ‘ராஜாலிய’ என்று பெயர். 1944இல் அங்கே கோர்செயார் விமானங்கள் நின்றன. சேற்றில் அவற்றை இழுக்க யானைகளைப் பயன்படுத்தினார்களாம்! அந்த விமானத்தையே செய்யச் சொல்லுங்கள். 72இல் ஒரு பங்கு அளவில் இறக்கையின் முழு அகலம் சுமார் 17 சென்றிமீற்றர்தான்.

வர்ணத்தில் கவனம் தேவை. பிரித்தானிய வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்பு வைக்கக்கூடாது. ஜப்பானியரின் செவ்வட்டம் என்று மயங்கித் தம்மவரே சுட்டுவிடுவார்கள் என்று அஞ்சி, கீழைப் போர்முனையில் அதை நீக்கியிருந்தார்கள். ஒரு பொட்டுச் சிவப்புக்கு உயிர் போகக்கூடிய காலம்! உம்மும்மாவும் இதைக் கேட்கட்டும்.

பசையின் நெடி தலையைச் சுற்றும். ஜன்னலைத் திறந்தே வையுங்கள். மணல் ஒட்டுமே என்பான். காயும்வரை பழைய பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து மூடச் சொல்லுங்கள்.