வேப்பிலைக்கு அஞ்சாத வண்டு

மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் வட்டாரங்களிலும், பயறு மூட்டைக்குள் ஒரு கைப்பிடி வேப்பிலையோ சிறிது வசம்புத் தூளோ போட்டுவிட்டால் வண்டு அண்டாது என்பதும், அவை இயற்கைப் பொருள்களாதலால் உண்பவர்க்குத் தீங்கு நேராது என்பதும் ஐயத்துக்கு இடமற்ற உண்மைகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றுள் முன்னது வேப்பிலையைப் பொறுத்தவரை பெரும்பாலும் வெறும் நம்பிக்கை, பின்னது வசம்பைப் பொறுத்தவரை ஆபத்தானது.

பயறு வண்டு தன் முட்டையை உளுந்தின் தோல்மீது ஒட்டிவைக்கிறது. பொரிக்கும் புழு வெளியே தலைகாட்டாமல், முட்டையின் அடிப்புறத்தைத் துளைத்து நேரே பருப்புக்குள் இறங்க, அது குடைந்து தள்ளும் தூள் முட்டை ஓட்டுக்குள் நிரம்புவதால்தான் கறுப்புத் தோலில் வெண்புள்ளி பளிச்சென்று தெரிகிறது. அதாவது, புள்ளி கண்ணில் படும் வேளையில் புழு உள்ளே குடியேறியாயிற்று. ஏறத்தாழ நான்கு வாரங்களில் வட்டமாகத் துளையிட்டு வெளிவரும் வண்டோ சேமிப்பிலுள்ள பயறைத் தின்பதே இல்லை. வேம்பின் ஆற்றலுக்குக் காரணமான அசாடிராக்டின், முக்கியமாகப் பூச்சி உட்கொள்ளும்போது அதன் பசியையும் தோலுரிப்பையும் குலைப்பது; அதுவும் கொட்டைப் பருப்பில் மிகுந்தும் இலையில் சொற்பமாகவும் இருப்பது. எட்டாத புழுவையும் தின்னாத வண்டையும் காய்ந்த இலை என்ன செய்துவிடும்?

சாம்பல், செம்மண் போன்ற தூள்களின் செயல் வேறு. அவை நஞ்சல்ல, பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகுப் படலத்தைச் சிராய்த்தும் உறிஞ்சியும் உடல் நீரை வெளியேற்றிக் கொல்பவையாதலால், தானியம் நன்கு காய்ந்திருந்தாலொழிய, அதிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், அவற்றால் பெரும்பயன் இல்லை. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் உலர்த்தி, குலுக்கை எனப்படும் மண் குதிரில் கொட்டி, வாயை மெழுகி அடைத்த பழைய முறையில் வெயிலுக்கும் அடைப்புக்கும் இருந்த பங்கு மண்ணின் பங்குக்குக் குறைந்ததன்று. அந்த உழைப்பைக் கைவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவிவிட்டு முன்னோர் அறிவு என்று மார்தட்டுவது முன்னோரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

வசம்பின் கதை இதற்கு நேர்மாறானது. அது உண்மையிலேயே வேலை செய்கிறது, சிக்கலும் அதுவே. வண்டின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் பீட்டா அசரோன் என்னும் அதன் எண்ணெய்க் கூறு, எலிகளுக்கு ஊட்டிய ஆய்வுகளில் குடலில் புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதைத் தொடர்ந்து, அமெரிக்கா 1968இல் உணவில் வசம்பைச் சேர்க்கத் தடை விதித்தது. இந்திய வசம்பில் இக்கூறு ஐரோப்பிய வகையில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். பிள்ளைக்கு உரசிக் கொடுக்கும் மருந்துதானே என்ற வாதம் அந்தப் பழக்கத்தையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துமேயன்றி, பருப்பில் கலப்பதை நியாயப்படுத்தாது. விதைக்கென ஒதுக்கிய பயறில் வசம்பைக் கலப்பது வேறு, உலைக்குப் போகும் பயறில் கலப்பது வேறு.

உண்ணும் பயறுக்கு, கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி விளக்கெண்ணெயைச் சீராகப் புரட்டினால், அது தோலின்மேல் படலமாகப் படிந்து முட்டையை மூச்சடைக்கச் செய்கிறது. அதற்கு முன் சித்திரை வெயிலில் நன்கு காயவைப்பதும், ஆறியபின் காற்றுப் புகாதபடி அடைப்பதும் தூள் எதனாலும் ஈடுசெய்ய இயலாத வேலைகள்.