கையை உதைக்கும் ரிவால்வர்: பின்னுதைப்பைக் குறைக்க நடந்த 100 ஆண்டு முயற்சி பலித்ததா?

பழைய சரக்கு என்று ஓரங்கட்டப்பட்ட ரிவால்வர்கள் அமெரிக்கச் சந்தையில் மறுபடி தலைகாட்டுகின்றன. தயாரிப்பை நிறுத்தியிருந்த ‘பைத்தான்’ மாடலை கோல்ட் நிறுவனம் 2020-ல் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே .44 மேக்னம் தோட்டா போடும் ‘அனகோண்டா’வும் வந்துவிட்டது. ஆனால், அடிப்படை வடிவம் அதேதான்: குழல் மேலே, பிடிக்கும் கை கீழே. சுடும்போது கை ஏன் தூக்கிப்போடுகிறது என்பதற்கான பதிலில் பாதி இந்த வடிவத்திலேயே இருக்கிறது. இதை மாற்றிக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுடைய துப்பாக்கிகள்தான் நிலைக்கவில்லை.

அந்த உதை எவ்வளவு பெரியது?

.44 மேக்னம் 1955-ல் வந்த தோட்டா. அதன் ஈயக் குண்டு சுமார் 15.5 கிராம் எடை. விநாடிக்கு சுமார் 420 மீட்டர் வேகத்தில் வெளியேறும். குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வந்தே ஆக வேண்டும். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான். துப்பாக்கி 1.35 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், அது விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் உள்ளங்கையை இடிக்கும். அதாவது மணிக்கு 17, 18 கி.மீ. வெடிமருந்து வாயுவின் தள்ளல் இதில் சேரவில்லை.

வலி ஒருபக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், உதைக்கு பயந்து விசையை அழுத்தும் முன்பே கை தானாகச் சுருங்கிவிடுவது. குறி தவறிப்போகும். குறி தவறிய குண்டும் எங்கேயோ போய் விழத்தானே செய்யும்?

இந்த உதையை எந்த வடிவமைப்பாலும் அழிக்க முடியாது. விளம்பரங்கள் என்ன சொன்னாலும் சரி, மொத்த உந்தம் மொத்த உந்தம்தான். அதைக் கொஞ்சம் கூடுதல் நேரத்துக்குப் பரப்பலாம். திசையை மாற்றிவிடலாம். அல்லது துப்பாக்கியின் எடையைக் கூட்டலாம்.

முதலில் முயன்றவர் யார்?

ஜார்ஜ் ஃபாஸ்பெரி. பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரி. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் 1863-ல் நடந்த உம்பேலா போருக்காக விக்டோரியா கிராஸ் வாங்கியவர். 1890-களில் அவர் பதிவுசெய்த காப்புரிமைதான் வெப்லி-ஃபாஸ்பெரி ரிவால்வராக 1900-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது.

அதில் குழலும் தோட்டா உருளையும் சேர்ந்த மேல்பாகம் முழுவதும் கைப்பிடிச் சட்டத்தின் மேல் பின்னோக்கிச் சறுக்கும். உருளையின் வெளிப்புறத்தில் வளைந்து நெளியும் கோலம் போல ஒரு பள்ளம். சட்டத்தில் இருக்கும் சிறு முளை அந்தப் பள்ளத்தில் ஓடுவதால், சறுக்கிப் போய் வரும்போதே உருளை அடுத்த தோட்டாவுக்குத் திரும்பிவிடும். சுத்தியலும் தானாக ஏறிக்கொள்ளும். சுடுபவருக்கு மிச்சம், விசையை லேசாக அழுத்துவது மட்டுமே. செமி ஆட்டோமேட்டிக் ரிவால்வர் என்று சொல்வது இதைத்தான்.

கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள் இல்லையா, அதே வேலையைத்தான் இந்தச் சறுக்கலும் செய்கிறது. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு மேல்பாகம் நகர அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. அதனால் ‘பட்’டென்று விழ வேண்டிய அடி ஒரு தள்ளலாக மாறுகிறது.

ஆனால், இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கை இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் துப்பாக்கி மொத்தமாகப் பின்னால் போகும். மேல்பாகம் முழுதாகச் சறுக்காது. அடுத்த தோட்டா நேராக வந்து நிற்காது. களைத்தோ காயம்பட்டோ இருப்பவரிடம் உறுதியான பிடியை எதிர்பார்க்க முடியுமா? முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேறு வேறு. திறந்திருக்கும் பள்ளத்தில் மண் புகுந்தால் கதை முடிந்தது. சாதாரண ரிவால்வரை வாங்குவதே ‘எப்படியும் சுடும்’ என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு மென்மையை வாங்குவது நல்ல பேரமா என்பது சந்தேகமே. மொத்தத்தில் 5,000 துப்பாக்கிகள்கூட உருவாகவில்லை.

இத்தாலியர் என்ன புதிதாகச் செய்தார்?

எமிலியோ கிசோனி இரண்டு யோசனைகளை ஒன்றாக்கினார். 1997-ல் வந்த அவருடைய ‘மடேபா 6 உனிகா’வில் மேல்பாகம் சறுக்கும். கூடவே, குழல் உருளையின் மேல் அறைக்கு நேராக இல்லாமல் கீழ் அறைக்கு நேராக இருக்கும். .357 மேக்னம், .44 மேக்னம், அதைவிடப் பலமான .454 கசூல் வரை இதில் வந்தன.

கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சட்டென்று திறக்கும்; கீல் பக்கம் தள்ளினால் அசையாது. ரிவால்வரில் கீல் என்பது மணிக்கட்டு. குழல் அதற்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக முனை மேலே துள்ளும். குழலைக் கீழே இறக்கினால் அதே உதை கையை மேலே தூக்காமல் முழங்கை நோக்கி நேராக வரும். உதை குறைந்ததா என்றால் இல்லை. ஆனால், அடுத்த குறி வைக்க ஆகும் நேரம் குறைகிறது.

இதிலும் சிக்கல் உண்டு. குறிபார்க்கும் முனைகள் மேலே, குழல் நன்றாகக் கீழே. மிக அருகில் சுட்டால் பார்த்த இடத்துக்குக் கீழே குண்டு படும். உதிரிபாகங்கள் அதிகம், எடையும் அதிகம். இதற்கு முன்பே, 1980-களில், .44 மேக்னத்தையே மேகசினில் அடுக்கிச் சுடும் டெசர்ட் ஈகிள் பிஸ்டல் வந்துவிட்டது. தானியங்கிதான் வேண்டும் என்பவருக்கு பிஸ்டல், நம்பகம்தான் வேண்டும் என்பவருக்கு சாதா ரிவால்வர். நடுவில் நின்ற உனிகாவை யார் வாங்குவார்கள்? 2000-களின் நடுவில் தயாரிப்பு நின்றது.

பெரிய நிறுவனங்கள் மூன்றாவது வழியில் போயின. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003-ல் கொண்டுவந்த மாடல் 500, நீளக் குழலோடு 2 கிலோவைத் தாண்டும். முனையில் வாயுவைத் திசைதிருப்பும் துளைகள். சறுக்கும் பாகம் எதுவும் கிடையாது.

கிசோனி 2008-ல் காலமானார். அவர் கடைசியாக வேலை செய்த வடிவம் ‘ரைனோ’ என்ற பெயரில் இத்தாலியின் கியாப்பா நிறுவனத்திடமிருந்து வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதில் கீழ்க்குழல் உண்டு, சறுக்கல் இல்லை. அதாவது இது சாதாரண ரிவால்வர் போலவே விசையை அழுத்தித்தான் உருளையைச் சுழற்றும். குழல் கீழே இறங்கியதால் சுத்தியலும் உள்ளே போய்விட்டது. பின்பக்கம் சுத்தியல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது, உள்ளே இருப்பதை ஏற்றிவைக்க உதவும் ஒரு நெம்புகோல் மட்டுமே.