காய்ச்சிய பாலும் கனிந்த உள்ளமும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து கோவில் முகப்பில் நின்றிருந்தோம். ஐந்து மாதக் கர்ப்பிணியான இளம்பெண் ஒருத்தி தன் மாமியாருடன் நம்மிடம் வந்தாள். "சுவாமி, பாலாடைக்கட்டி தின்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாமே? பெங்களூரிலிருந்து அவர் சொன்னார். அதுமுதல் கடைப்பால், தயிர், வெண்ணெய் எதையும் நான் தொடுவதில்லை" என்றாள். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். கல்வராயன் மலையிலுள்ள தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம், கறந்த ஆட்டுப்பாலைக் காய்ச்சாமலே குடிக்கிறாளாம். பச்சையாகக் குடித்தால்தான் சத்து என்று பாட்டி சொன்னாராம்.

அவளுடைய அச்சம் பொய்யன்று. ஆனால் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

லிஸ்டீரியா என்றொரு கிருமி உண்டு. மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவை குளிரில் ஒடுங்கும். இதுவோ குளிர்ப்பெட்டிக்குள்ளும் பெருகும். கர்ப்பிணிகளை இது பிறரைவிட ஏறத்தாழ 10 மடங்கு எளிதில் பற்றுகிறது. தாய்க்கு இலேசான காய்ச்சலும் உடல்வலியுமே தோன்றலாம். சிசுவுக்கோ அது உயிராபத்தாகலாம். 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் மென்மையான ஒருவகைப் பாலாடைக்கட்டியால் 142 பேரை இந்நோய் பற்றியது. மாண்டவர் 48 பேர். அவர்களுள் 20 பேர் கருவிலிருந்த சிசுக்கள், 10 பேர் பச்சிளங்குழந்தைகள். சூடாக்கப்படாத பால் அதில் கலந்திருந்ததே காரணம் என்று ஆய்வாளர் கண்டனர்.

ஆகவே குற்றவாளி பாலாடைக்கட்டியன்று. சூடு காணாத பாலே. பாலை 72 பாகை வெப்பத்தில் 15 விநாடி வைத்தாலே இக்கிருமி மடிந்துவிடும். லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் வழங்கும் முறை இதுவே. ஆவின் பால் இம்முறைப்படி சூடாக்கப்பட்டே நம் வீட்டுக்கு வருகிறது. கடையில் விற்கும் பதப்படுத்திய பாலாடைக்கட்டியும் அதைச் செய்யும்போதே சூடாக்கப்படுகிறது. உறையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்கி, அளவோடு உண்ணலாம். பூஞ்சை படர்ந்த மென்மையான வெளிநாட்டு வகைகளையும், பச்சைப்பாலில் செய்தவற்றையும் கர்ப்பிணிகள் விலக்குக. பன்னீரைப் புதிதாக வாங்கி, நன்றாக வேகவைத்து உண்க. காய்ச்சிய பாலில் தோய்த்த வீட்டுத் தயிருக்கு அஞ்சவேண்டியதில்லை. சீம்பாலையும் ஆவியில் நன்கு வேகவைத்த பின்னரே கர்ப்பிணிக்குக் கொடுங்கள்.

மலைவாழ் அன்பர்களுக்கு ஒரு சொல். மாடும் ஆடும் காரணமின்றிக் கன்று வீசினால் அது புருசெல்லா என்னும் வேறொரு கிருமியின் வேலையாக இருக்கலாம். அக்கிருமி பச்சைப்பால் வழியாகவும், வீசிய கன்றைத் தொடும் கை வழியாகவும் மனிதரைப் பற்றும். அவ்வேலையில் கர்ப்பிணியை விடாதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள். ஆட்டுப்பால் நல்லதே, ஒருமுறை பொங்கவிட்டுக் குடியுங்கள். காய்ச்சுவதால் சத்து ஓடிவிடாது.

பாலையே விட்டுவிடுவதும் தீங்குதான். பிள்ளையின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தாயே தரவேண்டும். பால் ஒவ்வாதவர்களுக்கு நம் மலையில் விளையும் கேழ்வரகும், கீரையும் இருக்கின்றன. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் கண்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நேரத்தோடு கண்டால் மருந்துண்டு.

இவ்வளவும் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் இறந்தே பிறந்த குழந்தை ஒன்றை அடக்கம் செய்யச் சென்றோம். "என்னத்தைத் தின்று தொலைத்தாளோ!" என்று உறவினர் அந்தத் தாயின் காதுபடவே பேசினர். அவள் நம்மிடம் மெல்ல, "ஒரு துண்டு பப்பாளிப் பழம் தின்றேன் சுவாமி" என்றாள். நன்கு பழுத்த பப்பாளியால் கரு கலையும் என்பதற்குச் சான்றில்லை. அக்குழந்தை ஏன் இறந்தது என்று எவரும் ஆராயவில்லை. தீர்ப்பு மட்டும் கூறிவிட்டனர். நாமும் செபத்தை முடித்துத் திரும்பினோமேயன்றி, அந்த ஏச்சை நிறுத்த வாய் திறக்கவில்லை. அது இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

எச்சரிக்கை, முன்கூட்டிச் சொல்லவேண்டியது. இழப்புக்குப் பின் அதையே குற்றச்சாட்டாக்குவது பாவம். கர்ப்பிணியின் உணவைப் பேணுவது அவள் ஒருத்தியின் கடமையன்று. பாலைக் காய்ச்சிக் கொடுக்கும் கை கணவனுடையதாகவும் இருக்கலாம், மாமியாருடையதாகவும் இருக்கலாம்.

எலிசபெத் கருவுற்றிருக்கிறாள் என்று அறிந்த அன்னை மரியா, மலைநாட்டுக்கு விரைந்து சென்றதை நற்செய்தியாளர் லூக்கா எழுதுகிறார். ஏறக்குறைய மூன்று மாதம் அவ்வீட்டில் தங்கினார். முதிர்ந்த வயதில் சுமக்கும் அந்தத் தாயிடம் அவர் குறை சொல்லவில்லை. வாழ்த்துக் கூறி, உடனிருந்தார். கல்வராயன் மலை வீடுகளிலும், கள்ளக்குறிச்சி வீடுகளிலும் பிள்ளையைச் சுமக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அத்தகைய உறவு ஒன்று கிடைக்க வேண்டுகிறோம்.

அந்த இளம்பெண் இப்போது காய்ச்சிய பால் குடிக்கிறாளாம். மாமியாரே காய்ச்சித் தருகிறாராம். இறைவன் அவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக!