படத்தில் இருக்கிறது, சட்டத்தில் இல்லை

வெள்ளம் வந்து இரண்டாம் நாள் ஹெலிகாப்டர் வரும். மந்திரி ஜன்னல் வழியாகக் கீழே குனிந்து பார்ப்பார். மறுநாள் பத்திரிகைகளில் படம் வரும். கீழே இடுப்பளவு நீரில் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்கும் ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். சேதம் மதிப்பிடப்பட்டது என்று அறிக்கை வெளியாகும்.

வானிலிருந்து பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள், பார்த்ததை என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வெள்ளம் வந்த பிறகு பார்ப்பது நிவாரணத்துக்கு உதவும். வருவதற்கு முன்பே பார்த்தால் உயிர்கள் பிழைக்கும். அதற்கான விஞ்ஞானம் இன்று நம் கையில் இருக்கிறது.

விமானத்திலிருந்தோ டிரோனிலிருந்தோ ஒரே நிலத்தை ஒன்றன் மேல் ஒன்று படியும்படி அடுத்தடுத்துப் படம் பிடிக்கிறார்கள். இரண்டு கண்களால் பார்க்கும்போது மேடு பள்ளம் தெரிகிறதே, அதே தத்துவத்தில் இந்த இரண்டு படங்களிலிருந்து நிலத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு இன்னும் நுட்பமாக அளக்கலாம். மேகம் மூடினாலும் ராடார் செயற்கைக்கோள் விடாது. தேங்கிய நீர் ராடார் அலையை வேறு பக்கம் சிதறவிடுவதால் படத்தில் அது கறுப்பாக விழும். 2015 வெள்ளத்தின்போது இஸ்ரோ இத்தகைய படங்களைக் கொண்டுதான் நீர் சூழ்ந்த பகுதிகளை வரைந்தது. நமது முதல் செயல்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988 மார்ச்சில் சோவியத் ராக்கெட்டில் ஏறி, பைக்கனூரிலிருந்து விண்ணுக்குச் சென்றது. அன்று முதல் நம் நாட்டு ஏரிகளும் ஆறுகளும் ஆண்டுதோறும் படத்தில் பதிவாகி வருகின்றன.

ஆகவே, தெரியாது என்று எந்த சர்க்காரும் சொல்ல முடியாது.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென் சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் எல்லாம் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலை அடையும் சதுப்பு நிலம் அது. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கும் அதிகமாகப் பரந்து கிடந்ததாகக் கணக்கு. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டபோது அதில் அடங்கிய பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். மிச்சத்தை விழுங்கியது யார்? வருஷவாரியாகப் படங்களை அடுக்கிப் பாருங்கள். பெருங்குடியின் குப்பைமேடு, அகலமான சாலைகள், கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என ஒவ்வொன்றாக முளைப்பது தெரியும். இவற்றில் எதுவும் இரவோடு இரவாகத் திருட்டுத்தனமாக எழுந்ததல்ல. கையெழுத்தும் முத்திரையும் பெற்று எழுந்தவை ஏராளம். 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, நிலத்தின் எல்லையும் பாதிப்பு வட்டமும் முடிவாகும்வரை சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குக் கட்டட அனுமதி கூடாது என்று உத்தரவிட நேர்ந்தது. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற சதுப்பு நிலத்துக்குத் தரையில் எல்லை போட சர்க்காருக்கு மூன்றாண்டுகள் போதவில்லை!

தனியார் மட்டும்தானா? முகப்பேரில் வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புக்கே ஏரித் திட்டம் என்றுதான் பெயர். வேளச்சேரி ஏரியிலும் வாரியங்களின் திட்டங்கள் பெரும் பங்கை எடுத்துக்கொண்டன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைத்தான் காணோம்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கீழே இருந்தவர்கள் உறக்கத்திலேயே வெள்ளத்தைச் சந்தித்தார்கள். இது மனிதரால் விளைந்த பேரழிவு என்று மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கையே கூறிவிட்டது. இவ்வளவு நீர் விட்டால் எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்ற வரைபடம் அன்று வார்டு வார்டாக ஜனங்களின் கையில் இருந்திருந்தால், எத்தனை குடும்பங்கள் மாலையிலேயே மேட்டுக்குப் போயிருக்கும்!

வெள்ளத்துக்குப் பிறகு ஆட்சியாளர்களின் கண்ணில் பட்ட ஆக்கிரமிப்பாளர் யார்? அடையாற்றங்கரைக் குடிசைவாசி! வீட்டு வேலை செய்யும் பெண், மூட்டை தூக்கும் தொழிலாளி, ஆட்டோ டிரைவர். இவர்களை அள்ளிக்கொண்டுபோய் பெரும்பாக்கத்தில் போட்டார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! 2015 வெள்ளத்தில் அந்தப் பகுதியும்தான் மூழ்கியது. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, தாழ்ந்த நிலத்துக்கு, பிழைப்பிலிருந்தும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்தும் பல மைல் தூரத்துக்குத் தள்ளினார்கள். அதே அடையாற்றின் மேல் பாலம் போட்டு விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்களே, அது வானிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படவில்லையா? எல்லாவற்றையும்விடத் துலக்கமாகத் தெரிவது அதுதானே! காமிராவுக்கு வர்க்க பேதம் கிடையாது. படத்தைப் படிக்கும் கண்ணுக்குத்தான் அது உண்டு.

படம் ஒன்றே போதும் என்றும் நாம் நினைக்கவில்லை. செயற்கைக்கோள் எப்போதும் தலைக்கு மேலே நிற்பதில்லை; வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அது வேறு தேசத்தின் மேல் போய்க்கொண்டிருக்கலாம். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் நீரை ராடார் சரியாகப் பிரித்தறியாது. மண்ணுக்கடியில் அடைத்துக்கொண்ட குழாய் எந்தப் படத்திலும் விழாது. உலகம் முழுமைக்கும் இலவசமாகக் கிடைக்கும் உயரப் படங்களில் சில மீட்டர் பிழை சகஜம். சென்னை போன்ற தட்டையான ஊரிலோ ஓரடி உயரம்தான் ஒரு வீடு மூழ்குமா தப்புமா என்பதைத் தீர்மானிக்கிறது. எனவே நுட்பமான லேசர் அளவீடு அவசியம். அத்தோடு, எந்த வருஷம் எந்தச் சுவரில் எதுவரை நீர் ஏறியது, எந்த வாய்க்கால் எந்த மதில் கட்டியபின் நின்றுபோனது என்று சொல்லக்கூடிய ஜனங்களின் ஞாபகமும் அவசியம். எந்த இலாகாவும் இதுவரை அதை வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டதாக நமக்குத் தெரியவில்லை.

வரைபடம் தயாரானாலும் அதற்குச் சட்டத்தின் பலம் வேண்டும். வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று நிர்ணயிக்கும் மாதிரி மசோதாவை மத்திய சர்க்கார் 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978-ல் சட்டமாக்கியது, ராஜஸ்தான் 1990-ல். இங்கே மாறி மாறி ஆண்ட இரண்டு கழகங்களும் பல பத்தாண்டுகளாக அதைச் சீந்தவில்லை. காரணம் வெளிப்படை. அபாய மண்டலம் என்று கோடு கிழித்தால் கோட்டுக்குள் இருக்கும் மனையின் விலை அன்றே விழும். ரியல் எஸ்டேட் முதலாளிகளின் லாபவேட்டைக்கு மறைப்பு வேண்டும். ஜனங்களின் உயிருக்கு வெளிச்சம் வேண்டும்.

2021 பிப்ரவரியில் நிலப்படம் தயாரிப்பதில் இருந்த அனுமதிக் கட்டுப்பாடுகளை இந்தியக் கம்பெனிகளுக்கு மத்திய சர்க்கார் தளர்த்தியது. கம்பெனிக்குத் திறந்த கதவு ஜனங்களுக்கும் திறக்க வேண்டாமா? வரிப்பணத்தில் எடுத்த படமும் அளவும் வரிகொடுத்தவனுக்கே சொந்தம். தெருவாரியான வெள்ள அபாய வரைபடம், அணை திறப்பின் அளவுக்கேற்ப நீர் ஏறும் உயரத்தோடு, தமிழில் அச்சிடப்பட்டு ஒவ்வொரு ரேஷன் கடையிலும் வார்டு ஆபீசிலும் தொங்க வேண்டும். நீர்நிலைகளில் தரப்பட்ட கட்டட அனுமதிகளின் பட்டியல், கையெழுத்திட்டவர் பதவியோடு வெளிவர வேண்டும். அகற்றுவதானால் பெரியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்; குடிசைவாசிக்கு அவன் பிழைக்கும் இடத்துக்கு அருகிலேயே மேட்டு நிலத்தில் வீடு தர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே கிளைத் தோழர்கள் தத்தம் பகுதியில் பெரியவர்களை அழைத்துப் போய், 2015-லும் 2023-லும் நீர் நின்ற உயரத்தைச் சுவரில் வர்ணத்தால் குறித்து, தெருப் பெயரோடு பட்டியல் எழுதட்டும். அந்தப் பட்டியலைப் பகுதி சபையில் வைத்து, சர்க்காரின் வரைபடம் எங்கே என்று கேட்போம்.